ஓரம் விட்ட பருத்திக்காய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி அண்ணாச்சியின் மேஜைமேல் என் முதல் ஓவியத்தை வைத்தேன். புது லேபிளுக்குப் படம் கேட்டிருந்தார். அதுவரை கோவில்பட்டியில் எனக்குப் போர்வை தைக்கிறவள் என்றுதான் பெயர். இது தேறினால் படம் வரைகிறவள். தேறாவிட்டால் மறுபடி தையல் மெஷின்.

அண்ணாச்சி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, நாலு பக்கமும் வெறிச்சுன்னு கெடக்கு? துணியில மிச்சம் பிடிக்குத மாதிரி பெயிண்டுலயும் பிடிக்குதீங்களா?”

கணக்குப்பிள்ளை சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெய்லர் கடை வெட்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும்போது, ஒவ்வொரு துண்டிலும் தையலுக்கென்று அரை விரற்கடை ஓரம் விடுவேன். அது மடிந்து உள்ளே போய்விடும்; பூவோ இலையோ அதில் வரக்கூடாது. காகிதத்தில் தையல் இல்லை என்பதை மறந்து, நான் வரைந்த பருத்திக்காயைச் சுற்றியும் கை அதே ஓரத்தை விட்டிருந்தது.

வண்ணப்பெட்டி வாங்கியதே பருத்தியால்தான். கரிசல் வயல்களில் காய்ந்த நெற்று, உதிர்ந்த இறகு, குருவிக்கூடு என்று பொறுக்கிவந்து, அவற்றின் நிறத்துக்குத் துணி தேடுவேன். வெடித்த பருத்திக்காயின் ஓட்டு நிறத்தில் மட்டும் எந்தக் கடையிலும் துணி அகப்படவில்லை. வண்ணத்தைக் குழைத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. அதன்பின் பொறுக்கியதையெல்லாம் வரைய ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி இன்னொரு ஆர்ட்டிஸ்ட் வரைந்த மயிலையும் சேர்த்து, இரண்டு படங்களையும் சிவகாசி அச்சகத்துக்குச் சாம்பிள் போட அனுப்பினார். மயில் தாளின் விளிம்புவரை நிறைந்து நின்றது. அதைப் பார்த்ததுமே என் கதை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து, பாதியில் கிடந்த போர்வையை எடுத்துத் தைத்தேன்.

சாம்பிள் வந்ததும் ஆள்விட்டுக் கூப்பிட்டார். கட்டிங் மெஷினில் தாள் அடுக்கு நகர்ந்து, கத்தி சற்று உள்ளே இறங்கியிருந்தது. லேபிள் கட்டிங்கில் இது சகஜமாம். என் படத்தில் வெற்று ஓரம்தான் போயிருந்தது. காய் முழுசாக இருந்தது. மயிலுக்குத் தலைக்குமேல் ஒன்றுமில்லை.

“கொண்டைய வெட்டிப்புட்டானே. இத ஒட்டி அனுப்புனா கடைக்காரன் கோழி மார்க்குன்னுல்லா கேப்பான்” என்ற அண்ணாச்சி, என் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். “பருத்தியே இருக்கட்டும். வெவரமாத்தான் ஓரம் விட்டிருக்கீங்க.”

“வெவரமில்ல அண்ணாச்சி, தையல் பழக்கம்.”

தொழில் மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய கைப்பழக்கத்தை அவசரப்பட்டு உதறாதீர்கள். புது வேலையில் அதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த லேபிளுக்கு அண்ணாச்சி மயில்தான் வேண்டும் என்றார், கொண்டையோடு. கையில் இல்லாததை நான் வரைவதில்லை. கடம்பூர்ப் பக்கம் உளுந்து வயலில் பொறுக்கிய மயிலிறகு ஒன்று இருந்தது. அதை வரைந்து, நாலு பக்கமும் ஓரம் விட்டுக் கொடுத்தேன்.