ரெண்டையும் ஊத்திடுங்க

மருத்துவமனையில் அவளை எல்லோரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வார்டு துடைக்கிறவள். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. டம்ளர்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும், துடைக்கிற துணி ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி. கணவர் தையல்காரர். நூல்தூசி நெஞ்சில் இறங்கி அவருக்கு இளைப்பு வந்தபிறகு கெடுபிடி இன்னும் கூடியது. அதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் துடைப்பத்தைத் தொட்டாலே, "விடுங்க, உங்களுக்கு வராது" என்று பிடுங்கிக்கொள்வாளே, அதில் என்ன நியாயம்?

அன்று மாலை நாத்தனார் வருவதாக இருந்தது. நாத்தனார் மூக்கைச் சுளித்தால் பளிச்சக்காவுக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடும். அன்றைக்கென்று மாற்றாள் வராமல் வார்டிலேயே மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உங்க அக்கா வர்றதுக்குள்ள பாத்ரூமைக் கழுவிடுங்க. சிங்க்குக்குக் கீழ ரெண்டு பாட்டில் இருக்கு. ரெண்டையும் ஊத்திடுங்க."

"ரெண்டையுமா?"

"ஆமாங்க, ரெண்டையும்தான்."

ஆசிட் கழிப்பறைக் கோப்பைக்கு, பிளீச்சிங் கரைசல் தரைக்கு. அது அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கழுவ விடாத மனிதருக்கு எப்படித் தெரியும்?

அரைமணி நேரம் கழித்து, வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஆசிட் கேனையும் பிளீச்சிங் கேனையும் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பளிச்சக்கா கத்தினாள். "ஏய், ரெண்டையும் சேத்து ஊத்திடாத! புகை கிளம்பி நெஞ்சை அடைச்சிடும்!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் நம்பர் அவளிடம் இல்லை. அவர் வாசலைக் கூட்டுகிற லட்சணம் பிடிக்காமல் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. ஓட ஆரம்பித்தாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தூசி வருகிறதென்று பாத்ரூம் ஜன்னலுக்கு அட்டை ஒட்டி அடைத்ததும் அவள்தான். அது நினைவுக்கு வந்ததும் நடுத்தெருவில் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

படியேறும்போதே நெடி கண்ணைக் கரித்தது. பாத்ரூமில் சுவரோடு சரிந்து கிடந்தார், கையில் பிரஷ். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே புகுந்து, அக்குளில் கைகொடுத்து இழுத்துக் கூடத்தில் போட்டு அலறினாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடிவந்து தூக்கினார். அவர் செருப்போடு உள்ளே வந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

அவள் துடைக்கிற அதே வார்டில் கட்டில் போட்டார்கள். ஆக்சிஜன் வைத்துவிட்டு, "ஏற்கெனவே இளைப்புக்காரர். காலையிலதான் எதுவும் சொல்ல முடியும்மா" என்றார் டாக்டர்.

சாயங்காலம் அவர் கண் திறந்தார்.

"மூச்சு முட்டினதுமே வெளிய வந்திருக்கக் கூடாதாங்க?"

அவர் முகமூடியை விலக்கினார். "வந்தேன்மா. மூணு தடவ வந்தேன். கறை போகலயேன்னு திரும்பத் திரும்ப உள்ள போனேன். நீ வந்து திட்டுவியே."

இத்தனை வருடமும் அவர் அந்த வீட்டில் பயந்து பயந்துதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். காலைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.