தறி இருக்கும் வீட்டைப் பெருக்குதல்

தறியில் உட்கார்ந்துவிட்டால் மாணிக்கவேலின் கைகளுக்குக் குழப்பம் என்பதே கிடையாது. குறுக்கிழையைக் கொண்டோடும் நாடாவை வலக்கை அனுப்ப இடக்கை வாங்கிக்கொள்ளும்; கால் தானாக மிதியைத் தேடிக்கொள்ளும். எழுந்து துடைப்பத்தைக் கையில் எடுத்தால்தான் எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று திகைத்து நிற்பான். ஓரிக்கையில் அவன் குடியிருந்த தெருவில் பட்டு நெய்யும் ஆண்கள் பலர் இருந்தார்கள். ஆனால் தறியோடு அடுப்பும் துடைப்பமும் சேர்ந்து கைக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். அவன் மனைவி துளசி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதியம், அதற்கும் மறு வாரம் இரவு என்று அவளை அழைத்துப் போகும் வேன் வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவன் அவன்தான் என்பதால் வீடு அவன் பொறுப்பாயிற்று. அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அபிக்குத் தலை பின்னிவிடக்கூடப் பழகியிருந்தான்.

சிக்கல் அபியின் மூச்சில் வந்தது. மழை தொடங்கும் முன்பே அந்த ஆண்டு அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். மருத்துவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “வீட்ல தூசி சேரவே கூடாது. மருந்தெல்லாம் அதுக்கு அப்புறந்தான்” என்றார். பிறகு, “என்ன தொழில் பண்றீங்க?” என்று கேட்டார்.

“தறிங்க.”

“எங்க?”

“வூட்லதாங்க. கூடத்துல.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி அவனை ஒருமுறை பார்த்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் துளசிதான் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு முடிவை நன்றாக யோசித்து எடுத்துவிட்டவளின் நிதானம் இருந்தது. “இன்னொரு தபா இவளுக்கு மூச்சு இழுத்துச்சுன்னா, முசரவாக்கத்துல அம்சவேணி வூட்ல கொண்டும்போயி வுட்டுடுவேன். அங்கியே பள்ளிக்கூடம் இருக்குது. சொல்லிட்டேன்.”

அம்சவேணி துளசியின் தங்கை. அவள் வீட்டைச் சுற்றி வயல். வீட்டுக்குள் தறி இல்லை. அவள் அபியைத் தன் பிள்ளைபோல வைத்துக்கொள்வாள் என்பதில் மாணிக்கவேலுக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் அவன் பயம். மறுத்துச் சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இல்லை. அபி வீட்டில் இருக்க வேண்டுமானால் வீட்டில் தூசி இருக்கக் கூடாது; அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் தறி இருக்கும் வீட்டை மற்ற வீடுகளைப் போலப் பெருக்கிவிட முடியாது. அந்த வீட்டில் சமையலறையும் ஓர் உள்ளறையும் போக மிச்சமிருந்த கூடம் முழுவதும் தறிதான். சுவரிலிருந்து சுவர்வரை பாவு இழுத்துக் கட்டியிருக்கும்; நீளவாட்டத்தில் ஓடும் அந்தப் பட்டிழைகளின்மேல் தூசி உட்கார்ந்தால் நிறம் மங்கும். ஆகவே பாவு தறியில் இருக்கும்போது கூடத்தில் துடைப்பத்தை வீசக் கூடாது. தண்ணீர் தெளிக்கவும் கூடாது. நெய்யும்போது உதிரும் பிசிறெல்லாம் தறிக்குழியில் இறங்கும். நெய்பவன் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய அந்தப் பள்ளத்தைப் பாவு தீர்ந்து தறி வெறுமையாகும் நாளில்தான் சுத்தம் செய்ய முடியும். அதுவரை பிசிறும் மண்ணும் ஒன்றாகிக் கரப்பான்பூச்சிக்கு மெத்தையாகக் கிடக்கும்.

கைபேசியில் ஒரு பெண்மணி வீடு சுத்தம் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள், நாளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள், வீடு உங்கள் சொல்பேச்சைக் கேட்கும் என்று பளிங்குத் தரையில் நின்று சிரித்தாள். மாணிக்கவேல் அதைக் கவனமாகப் பார்த்தான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்த துளசி, “அந்தம்மா வூட்ல தறி இருக்குதான்னு கேளுங்க” என்றாள்.

இருந்தாலும் அவன் பிரித்துப் பார்த்தான். செவ்வாயும் வெள்ளியும் ஒட்டடை அடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. துளசிக்கு இரவு ஷிப்ட் என்றால் பகலில் உள்ளறையில் அவள் தூங்குவாள். அங்கே ஒரு பாத்திரம்கூட உருளக் கூடாது. காலை ஷிப்ட் என்றால் சோறு கட்டிக்கொடுத்து, அபியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி நிமிர்வதற்குள் வெயில் கூடத்துக்கு வந்துவிடும். அபி பள்ளியில் இருக்கும் நேரம்தான் தூசி தட்ட உகந்த நேரம். நெய்வதற்கும் அந்த நேரம் ஒன்றுதான் இருந்தது. ஒருபுறம் கூட்டினால் மறுபுறம் குறைந்தது.

கடைசியில் அவனாகவே ஒரு வழி கண்டான். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, சொட்டாமல் இறுகப் பிழிந்து, முழங்காலிட்டுத் தரையைக் கையகலம் கையகலமாகத் துடைத்தான். தூசி எழவில்லை, துணியோடு வந்துவிட்டது. காலையில் உள்ளறை, மாலையில் தறியின் ஓரம், படுக்குமுன் பாயும் தலையணையும் கிடக்கும் இடம் என்று அது ஒரு பழக்கமாகப் படிந்தது. சமையலறைப் பாத்திரங்களையும் அப்போதைக்கப்போதே தேய்த்துவிடுவான்.

அபியின் நெஞ்சில் கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டி அடங்கியது. ஆனால் வேறோர் இடத்தில் அடி விழுந்தது. சேலை ஒப்படைக்கப் போனபோது, பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முத்துக்குமார் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா மாணிக்கம், சேலைய நீ நெய்ஞ்சியா, இல்ல பூனைய வுட்டுப் பொறாண்டச் சொன்னியா?”

அங்கங்கே இழை எழும்பி நின்றது. மாணிக்கவேல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். சோப்புத் தூளும் கம்பி நாரும் தரை கழுவும் மருந்தும் சேர்ந்து விரல்நுனிகளை வெடிக்க வைத்திருந்தன. அந்த வெடிப்பில் பட்டிழை சிக்குவதை அவனும் உணர்ந்துதான் இருந்தான். இவ்வளவு தெரியும் என்று நினைக்கவில்லை.

“எண்ண தடவு” என்றார் முத்துக்குமார்.

“எண்ண தடவுனா பட்டுல கறை ஏறிடுமே, முதலாளி.”

“அப்ப பாத்திரம் தேய்க்காத.”

மாணிக்கவேல் கடைத்தெருவில் ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை வாசல் குழாயடியில் அதை மாட்டிக்கொண்டு குக்கரைத் தேய்த்தபோது எதிர்வீட்டுக் கமலாட்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள்.

“இன்னாபா மாணிக்கம், குக்கருக்கு ஆபரேசனா?”

“ஆமாக்கா. கொயந்த பொறக்கப் போவுது.”

“பொறந்ததும் சொல்லு, சக்கர கொண்டாறேன்” என்றாள் அவள். தெருவே சிரித்தது, அவனும் சிரித்தான். அந்த வாரங்களில் அவனுக்குச் சிரிப்பு எளிதாக வந்தது. விரல் வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்தது. அபி இருமாமல் தூங்கினாள். துளசியும் முசரவாக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. வீடு கைக்குள் அடங்கிவிட்டது என்று அவன் நம்பினான். தறிக்குழி ஒன்றுதான் மிச்சம்.

கார்த்திகை மாதத்து அமாவாசைக்கு முதல் நாள் பாவு தீர்ந்தது. அமாவாசையன்று எப்படியும் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. புதுப் பாவு வர இரண்டொரு நாள் ஆகும். இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது என்று மாணிக்கவேல் அபியைக் கமலாட்சி வீட்டில் விட்டுவிட்டு, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினான்.

வழக்கமாகக் குழியைச் சுத்தம் செய்வதென்றால் கையால் பிசிறை அள்ளி, தென்னந்துடைப்பத்தின் கட்டையால் சுரண்டி, மண்ணை முறத்தில் வாரி வெளியே கொட்டுவார்கள். அவனும் அப்படித்தான் தொடங்கினான். முதல் முறத்திலேயே தூசி புகைபோலக் கிளம்பிக் கூடம் முழுவதும் பரவியது. ஈரத்துணியில் மற்ற இடமெல்லாம் அடங்கிய தூசி இங்கே மட்டும் ஏன் எழ வேண்டும்? வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தான். தூசி அடங்கியது. இன்னொரு வாளி ஊற்றினான். சுவரோடு ஒட்டியிருந்த பிசிறெல்லாம் கரைந்து இறங்கியது. பிறகு கணக்கில்லாமல் ஊற்றித் தேய்த்து, அடியில் தேங்கியதைச் சொம்பால் மொண்டு வெளியே கொட்டினான். மாலையில் குழி புதிதாகத் தோண்டியதுபோல இருந்தது. அபியைக் கூட்டிவந்து காட்டினான்.

“எறங்கட்டாப்பா?”

அதுநாள்வரை அவளைக் குழியருகே விட்டதில்லை. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவைப்போலக் காலைத் தொங்கவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. “உக்காந்துக்கோ. இனிமே இன்னா, தூசியே கெடையாது” என்றான்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. புதுப் பாவு வந்தது. இழைகளைப் பிணைத்து அவன் நெய்யத் தொடங்கினான். கால் சில்லென்றிருந்தது. மழைக்காலத்தில் எந்தத் தறிக்குழிதான் சில்லென்று இராது என்று நினைத்துக்கொண்டான். பள்ளி விட்டு வந்ததும் அபி அவனுக்கு இடப்புறம், குழியின் விளிம்பில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வாய்ப்பாட்டை அவன் கேட்க, நாடாவின் ஓட்டத்துக்கு இசைய அவள் சொன்னாள். அந்த நாள்களைப்போல மகிழ்ச்சியான நாள்கள் அவனுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. கூடத்தில் ஒரு முடை நாற்றம் இருந்தது. மழை வாசம் என்று எடுத்துக்கொண்டான். குழியின் சுவரில் கோலமாவைத் தூவியதுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததையும் பார்த்தான். ஈரத்துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டான்.

ஒரு மாலை, வாய்ப்பாட்டின் நடுவில் அபியின் குரல் நின்றது. திரும்பிப் பார்த்தான். அவள் தோள்கள் காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உதடு வெளுத்திருந்தது. துளசி மதிய ஷிப்டில் இருந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான். கமலாட்சிதான் ஆட்டோவை மறித்து நிறுத்தினாள்.

மருத்துவமனையில் புகைமருந்து வைத்த பிறகு அபி கண் திறந்தாள். மருத்துவர் அவனைத் தனியே அழைத்தார்.

“வீட்டுக்குள்ள எங்கயாவது ஈரம் நிக்குதா? சுவத்துல வெள்ளையா பூஞ்சை மாதிரி?”

மாணிக்கவேல் ஆமென்று தலையை ஆட்டினான்.

“தூசியவிட அது மோசம்” என்றார் அவர்.

வேலை முடிந்து நேராக மருத்துவமனைக்கு வந்த துளசியிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. “நாந்தான் தண்ணி ஊத்திக் குழியக் கழுவுனேன். அதுல பூஞ்சை புடிச்சுக்கிச்சு” என்றான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கழுவலன்னா தூசி. கழுவுனா ஈரம்” என்றாள் அவள், பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே. “உங்கள இன்னா சொல்றது நானு?”

“தறிய வேற எங்கியாச்சும் மாத்திட்டா?”

“எங்க மாத்துறது? கூலிக்கு அடுத்தவன் தறிக்குப் போனா, நான் மதிய ஷிப்ட்ல இருக்கசொல்ல பள்ளிக்கூடம் வுட்டு வர்ற புள்ளைக்கு யாரு கதவு தொறக்கறது?”

அவன் அதையும் முன்பே யோசித்துப் பார்த்திருந்தான். அவளும் யோசித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

முசரவாக்கத்துக்கு அனுப்பத் துளசி துணிகளை மடித்து வைக்கும்போது அபி கேட்டாள்: “சித்தி வூட்ல தறி இருக்குதாம்மா?”

“இல்ல.”

“அப்ப அங்க யாரும் தொடைக்கவே மாட்டாங்களா?”

துளசி சிரித்துவிட்டாள், சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாணிக்கவேல் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அது பாதியில் சிக்கி நின்றது. பொறுமையாகப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் மூடினான்.

அடுத்த ஞாயிறு அவன் முசரவாக்கம் போனான். தலைக்குக் குளித்து, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போனான். மழைக்குப் பயந்து அந்தச் சட்டையைக் கூடத்துக் கொடியில், தறிக்கு மேலேதான் உலர்த்தியிருந்தான். அது அவனுக்குத் தவறாகத் தோன்றவில்லை.

பின்பக்கத்திலிருந்து அபியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே அடியெடுத்து வைக்கும்போது அம்சவேணி வாசலிலேயே எதிர்ப்பட்டாள். அவள் முகத்தில் பாசமும் சங்கடமும் ஒருசேர இருந்தன.

“மாமா, கோவிச்சுக்காதீங்க.” அவன் தோளிலிருந்து எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். அரக்குநிறப் பட்டுப்பிசிறு. காலரில் இன்னொன்று இருந்தது, அதையும் எடுத்தாள். “தொட்டில தண்ணி இருக்குது. ஒரு சொம்பு ஊத்திக்கினு வந்துடுங்க. அவரு சட்ட ஒண்ணு, லுங்கி ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”

“காலைலதான் குளிச்சேன்மா.”

“தெரியுது மாமா. இருந்தாலும்.”

அவள் சொன்னதில் தவறே இல்லை. தொட்டியடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுருட்டி, வேலிக்கு அப்பால் நின்ற மரக்கிளையில் தள்ளிப் போட்டான். தலையிலிருந்து ஊற்றிக்கொண்டான். கையை, கழுத்தை, காதுமடலின் பின்புறத்தை, விரலிடுக்கை எல்லாம் அழுத்தித் தேய்த்தான். போதுமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டான்.

அம்சவேணி கொடுத்த சட்டை அவனுக்குப் பெரியதாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தபோது அபி ஓடிவந்து மடியில் ஏறினாள். அவன் கைகளைத் தரையில் ஊன்றியபடியே இருந்தான், அம்சவேணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அதன்பிறகுதான் மகளை அணைத்துக்கொண்டான்.

அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். சத்தம் எதுவும் இல்லை. மூச்சு தெளிந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

அபி அவன் சட்டையில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். “இன்னாப்பா, உம்மேல சித்தப்பா வாசன அடிக்குது?”

“நல்லா இல்லியா?”

“ஊஹூம்” என்றாள். முகத்தை மட்டும் எடுக்கவில்லை.