கோட்டு வழக்கில் கொழுந்தன்

லாண்டரிக்கார அம்மா சட்டம் படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. "இஸ்திரி போடற கையில சட்டப் புஸ்தகமா?" என்று எதிர்க்கடைத் தையல்காரர் கேட்டார். "கறை எங்க இருந்தாலும் எடுக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காலரை எடுத்துப் பலகையில் போட்டாள். வாய்க்கு வாய் கொடுப்பதில் அவளை ஜெயித்தவர் கிடையாது. அதுதான் அவளுடைய பலம், அதுதான் வினையும். எப்படி என்று போகப் போகத் தெரியும்.

படிப்புப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு கம்பளிச் சட்டை. துவைத்ததில் அது குழந்தைச் சட்டையாகச் சுருங்கிப் போக, வாடிக்கைக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் அதை மாற்றி மாற்றிப் படித்தார்கள். ஒரு எழுத்து புரியவில்லை. கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீலம்மாதான் ஒரு பதில் எழுதி விவகாரத்தை முடித்து வைத்தார். "நீங்க பேசற பேச்சுக்கு நீங்களே வக்கீலாயிருக்கலாம்" என்று அவர் விளையாட்டாகச் சொன்னதை இவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்திலேயே மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவள் கடைசி வருஷத்துக்கு வந்தபோது வக்கீலம்மா ஜன்னலோரம் ஒரு நாற்காலியைக் காட்டி, "பாஸ் பண்ணிட்டு வாங்க. இது உங்களுக்குத்தான். ஆனா ரொம்ப நாள் காலியா வச்சிருக்க முடியாது" என்றார். நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்காக ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்றால் சும்மாவா? துணி எடுக்கவும் கொடுக்கவும் மாடி ஏறும்போதெல்லாம் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

படிக்க நேரம் ஏது? இஸ்திரிப் பலகைதான் மேசை. மடித்த சட்டைக்குள் விறைப்பாக நிற்பதற்காக வைக்கும் அட்டை இருக்கிறதே, அதில்தான் குறிப்பு எழுதுவாள். ஒரு அட்டைக்கு ஒரு பாடம். சுவரில் ஆணி அடித்துக் கம்பி கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒப்பந்தம் ஒரு கம்பி, குற்றவியல் ஒரு கம்பி, வணிகச் சட்டம் ஒரு கம்பி. சட்டைக்கு ஆவி அடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் பாடம்.

புத்தகத்தில் இருந்த உதாரணங்கள்தான் அவளுக்கு ஆகவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'அ' என்பவர் 'ஆ' என்பவரின் மோதிரத்தை எடுத்துக்கொண்டு போகிறார். யார் இந்த அ, இவருக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று எரிச்சல் வரும். முகம் இல்லாத ஆளை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? அதனால் தெரிந்த முகங்களைப் போட்டாள். கடைக்காரர் அவள் புருஷன். பொருளைப் பறிகொடுப்பவர் ஒரு வாடிக்கைக்காரர். திருடனுக்கு ஆள் வேண்டுமே என்று யோசித்தபோது வந்து மாட்டியவன்தான் கொழுந்தன், புருஷனுடைய தம்பி.

அவன் செய்த குற்றம் இவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம், டெலிவரிக்குத் தொங்கிய ஒரு வாடிக்கைக்காரரின் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். அந்த நேரம் பார்த்து இவள் உள்ளே வந்தாள். "நல்லா இருக்கா அண்ணி?" என்று கேட்டான். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான். கதை முடிந்தது.

அங்கே முடிந்த கதை அட்டையில் ஆரம்பித்தது. திருட்டு என்ற அட்டையில் கொழுந்தன் கோட்டை எடுத்தான். நம்பிக்கை மோசடிக்காக அதைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போனான். விருந்தில் குழம்பு கொட்டியது, அது நஷ்டஈட்டுப் பாடம். பிறகு கோட்டைப் பழைய துணிக்கடையில் தள்ளிவிட்டான். அந்தக் கடைக்காரர் ஒன்றும் தெரியாத அப்பாவியாக, நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்ற வணிகச் சட்டப் பாடத்தில் உட்கார்ந்தார். பருவம் முடிவதற்குள் கொழுந்தன் சதி செய்து, தலைமறைவாகி, பிடிபட்டு, ஜாமீனில் வந்துவிட்டான். கண்ணாடி முன்னால் நின்றதற்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பாவி, படித்தால் மறக்காது.

ஒருநாள் அவசரத்தில் கையாடல் என்ற அட்டை ஒரு வாடிக்கைச் சட்டைக்குள் போய்விட்டது. சட்டை அவள் வகுப்பிலேயே படிக்கும் டாக்சிக்காரருடையது. மறுநாள் அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தார். "அக்கா, மாசக்கணக்கா மண்டையில ஏறாதது ஒரு அட்டையில ஏறிடுச்சு. மிச்சத்தையும் குடுங்க." கொடுத்தாள். அவர் நகல் எடுத்தார். கூடப் படித்த நர்ஸ் ஒருத்தி அதிலிருந்து நகல் எடுத்தாள். வகுப்பு முழுக்கக் கொழுந்தன் பரவிவிட்டான். நகலுக்கு நகல் எடுத்ததில் 'எடுத்துக்காட்டு' என்று மேலே எழுதியிருந்த வரி எங்கேயோ கழன்று விழுந்துபோனது. அதை யாரும் கவனிக்கவில்லை. இவளும்தான்.

கொழுந்தன் ஒரு நாற்காலி சோபாக் கடையில் விற்பனை மேற்பார்வையாளன். அங்கே கணக்கு எழுதும் பையனும் அதே கல்லூரி. அப்புறம் கேட்க வேண்டுமா? கடையில் அவனுக்குக் 'கோட்டு' என்றே பேர் விழுந்தது. அவன் லாண்டரிக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே அண்ணியிடம் சண்டை போட்டான்.

"ஊர்ல வேற திருடனே கிடைக்கலையா உங்களுக்கு?"

"பேரையா போட்டேன்? கொழுந்தன்னுதான போட்டேன்."

"எத்தனை கொழுந்தன் இருக்கான் உங்களுக்கு?"

ஒருத்தன்தான். அதற்கும் இவள் ஒரு பதில் வைத்திருந்தாள். "ஜாமீன்ல விட்டுட்டேனே தம்பி, அப்புறம் என்ன?" கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. போனவன் போனவன்தான், அந்த வாசலை மிதிக்கவில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடுவான்" என்றார் அண்ணன்காரர். ஒரு வருஷம் ஆகியும் அவன் சரியாகவில்லை.

கடைசிப் பரீட்சையும் முடிந்தது. முடிவு வரவேண்டிய நாளில் வந்தது விசாரணை அறிவிப்பு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் விடைத்தாளில் 'லாண்டரிக்காரர் எதிர் கொழுந்தன்' என்ற வழக்கை மேற்கோள் காட்டியிருந்தார்கள். உதாரணமாக இல்லை, நிஜத் தீர்ப்பாக. ஒருவர் அதற்கு ஆண்டு போட்டிருந்தார். இன்னொருவர், மூன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தார். நர்ஸ் ஒருபடி மேலே போய், இந்தத் தீர்ப்பு இன்றளவும் மாற்றப்படவில்லை என்று முடித்திருந்தாள். தலைமைப் பரீட்சையாளர், பாவம், அந்த வழக்கைத் தேடி நூலகத்தில் தூசி தட்டாத அலமாரி இல்லை. கடைசியில், பரீட்சை அறையில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து காப்பி அடித்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். நிரூபணமானால் மொத்த வகுப்புக்கும் பரீட்சை ரத்து, ஒரு வருஷம் மறுபடி எழுதவும் முடியாது.

லாண்டரிக்கார அம்மா நேராகப் பரீட்சையாளரிடமே போய் அட்டைகளை மேசைமேல் அடுக்கினாள். "இது எங்க வீட்டுக் கதைங்க சார். நான் எழுதினது. எல்லாரும் இதைப் படிச்சுட்டுத்தான் எழுதியிருக்காங்க. யாரும் யாரையும் பார்த்து எழுதலை."

பரீட்சையாளர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். குழம்பு கொட்டிய இடத்தில் அவருக்கே சிரிப்பில் உதடு துடித்தது. "சரிம்மா. ஆனா இதைப் பரீட்சைக்கு அப்புறம் எழுதலைன்னு யார் சொல்றது? உங்க வகுப்புக்காரங்க சொன்னா எடுபடாது. உங்க வீட்டுக்காரர் சொன்னாலும் எடுபடாது. உங்களுக்கு நல்லது நடக்கணும்னு நினைக்காத ஆள் யாராவது இருக்காங்களா?"

இருந்தான். ஒரே ஒருத்தன்.

சாட்சியச் சட்ட அட்டையில் அவளே எழுதி வைத்திருந்தாள்: நமக்கு ஆகாதவன் நமக்குச் சாதகமாகச் சொன்னால் அந்தச் சாட்சிக்கு எடை அதிகம். ஆகாதவனைத் தேடிச் சோபாக் கடைக்குப் போனாள். கொழுந்தன் இப்போது நிஜமாகவே ஒரு கோட்டு போட்டிருந்தான். கடை கொடுத்த கோட்டு, தோள் கொஞ்சம் தொளதொளப்பு. அண்ணியைப் பார்த்ததும் முகம் இறுகிப் போனது.

"என்ன பார்க்கறீங்க? சோபாவா, கட்டிலா?"

"சாட்சி வேணும் தம்பி."

விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "என்னைத் திருடனாக்கினதுக்கு நானே வந்து, ஆமாங்க, நான்தான் அந்தத் திருடன்னு நாலு பேர் முன்னால சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்" என்றான்.

இவள் வாய் சும்மா இருந்ததா? "சாட்சிக்குக் குடுக்கற படிக்காசு வாங்கித் தரேன்" என்றது. அவன் திரும்பி வேறொரு வாடிக்கைக்காரரிடம் போய்விட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் தன் நாக்கைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள். இந்த நாக்குக்கு ஒரு பூட்டு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விசாரணை நாள் வந்தது. வராந்தாவில் வகுப்பே நின்றது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நர்ஸுக்கு அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். "சாட்சி வரலைன்னா நாங்க என்ன செய்யறது?" என்று பரீட்சையாளர் ஆரம்பித்தபோது கதவு திறந்தது. தொளதொளத்த கோட்டோடு கொழுந்தன் வந்து நின்றான். அண்ணி பக்கம் பார்க்கவே இல்லை.

"சார், அந்தக் கொழுந்தன் நான்தான். இந்த அட்டைங்களை நான் போன வருஷமே படிச்சேன். படிச்சுட்டு இவங்ககூடச் சண்டை போட்டேன். அன்னிக்குக் கடையில நின்ன எல்லாரும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பக்கம் போகலை. எங்க கடையில ஒரு வருஷமா என்னைக் 'கோட்டு'ன்னுதான் கூப்பிடறாங்க. போன் போட்டு யாரை வேணா கேளுங்க."

பரீட்சையாளர் பேனாவை மூடினார். போன் போடவில்லை. ஆள் முகத்திலேயே ஒரு வருஷத்துக் கோபம் தெரிந்தது. "படிக்கறதுக்காக எழுதின வேடிக்கைதானே? அதுக்கு இவ்வளவு கோபமா?" என்று மட்டும் கேட்டார்.

கொழுந்தன் கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். "அந்தக் கோட்டை எடுத்ததுக்கு அடுத்த நாள் எனக்கு இன்டர்வியூ சார். அதுவரைக்கும் நான் கோட்டே போட்டதில்லை. எனக்கெல்லாம் இது நல்லா இருக்குமான்னு போட்டுப் பார்த்தேன். அண்ணிகிட்ட நல்லா இருக்கான்னு கேட்டேன். அம்மா போனப்புறம் நான் எதைக் கேட்டாலும் அவங்ககிட்டதான் கேப்பேன். அவங்க சிரிச்சாங்க. அப்புறம் ஊரே சிரிச்சுது." அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

வாய்க்கு வாய் கொடுப்பவளுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இன்டர்வியூ விஷயம் அவளுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் சிரித்திருக்கிறாள். 

காப்பி இல்லை என்று தீர்ப்பானது. இல்லாத வழக்கை எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வியில் மட்டும் மதிப்பெண் போச்சு. இனி ஒவ்வொரு அட்டையிலும் 'கற்பனை' என்று பெரிதாக எழுத வேண்டும் என்றார்கள். எல்லோரும் தப்பித்தார்கள். லாண்டரிக்கார அம்மா தட்டுத் தடுமாறித்தான் தேறினாள், ஆனாலும் தேறினாள். அடுத்த வாரமே மாடிக்குப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதலில் எடுத்தது ஒரு சட்டை அட்டை.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு சோபாக் கடைக்குப் போனாள். கொழுந்தன், "மறுபடியும் சாட்சியா?" என்றான்.

"இல்ல தம்பி. வழக்குக்கு நான் தீர்ப்பே எழுதலை. உன்னை ஜாமீன்லயே விட்டு வச்சிருந்தேன்." அதற்கு மேல் வேடிக்கை வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்று அட்டையை நீட்டினாள்.

அவன் வாங்கிப் படித்தான். குற்றச்சாட்டுகள் அனைத்தும் கற்பனை. கொழுந்தன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவனைக் கௌரவமாக விடுதலை செய்கிறோம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அங்கே அவன் கண் நின்றுவிட்டது.

கோட்டு அவனுக்கு நன்றாகவே இருந்தது.

அவன் அட்டையைத் திருப்பித் தரவில்லை. மடங்காமல் கோட்டின் உள்பைக்குள் செருகிக்கொண்டான். "தோள் கொஞ்சம் லூசா இருக்குல்ல அண்ணி?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கிட்டே போய்த் தோள் தையலைப் பிடித்துப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, பிடிச்சுத் தைச்சுத் தரேன்" என்றாள்.