குடிலுக்கு எந்தப் பசை

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி. பக்கத்து வீட்டு அண்ணன், ஒரே வள்ளத்தில் அவரோடு கடலுக்குப் போனவர். சுவரில், மாலை போட்ட படத்தில், என் வீட்டுக்காரர்.

ஆடியில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். இப்போது கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருந்தது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், குடில் வைக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான். நான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். வருஷம் தவறாமல் வைத்த மனுஷன். அவரோடு குடிலையும் சேர்த்தா அடக்கம் பண்ணினோம்?

"ஊரு என்ன சொல்லும் ஏளா?" என்றார் மதினி.

"சொல்லட்டும் மதினி. வாயி அவுகளுது."

என் வீட்டுக்காரர் மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. அதை அறுத்துத்தான் கொட்டில் கட்டணும். அறுப்பது சுலபம். எதை வைத்து ஒட்ட? முன்னெல்லாம் ஒட்டுகிற வேலை அவருடையது. நான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவ்வளவுதான்.

அண்ணன் சொன்னார்: "வள்ளத்து ஓட்டைக்கு அடிச்ச ரெசின் பச மிச்சம் கெடக்கு. கடல்லயே நிக்கி. இதுல நிக்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஆட்களுக்கு எது உடைந்தாலும் ரெசின்தான். வாளி, நாற்காலி, கக்கூஸ் கதவு. நான் பெட்டியை அறுத்துக் கொடுத்தேன். அவர் கலந்து, கொட்டிலின் பின்சுவர் ஓரத்தில் தடவினார். தெர்மாகோல் கரைந்தது. மழை பட்ட உப்புக் குவியல் மாதிரி குழி விழுந்து உள்ளே போனது. கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

அண்ணன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

மதினி எழுந்துவிட்டார். "பாத்தியா? ஆண்டவருக்கே இஷ்டமில்ல."

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லல மதினி. ரெசின் தின்னுட்டு."

"என் தம்பி பெட்டியப் போட்டு நாசம் பண்ணிட்டியே."

அது சுட்டது. வேறு பெட்டி கிடையாது.  தெர்மாகோல் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இதத் தின்னாத பச எது?"

கடைக்காரர் சிரித்தார். ரப்பர் பசையும் தின்னும், சொட்டு விட்டதும் பிடிக்கிற டியூப்பும் தின்னும், சூட்டுப் பசை உருக்கிவிடும் என்றார். "வெள்ளப் பசதான். ஆனா மெதுவாத்தான் பிடிக்கும். கொண்டல் காத்து வேற ஈரமா அடிக்கி. யாரு வீட்டுக் குடிலுக்கு?"

"எங்க வீட்டுக்கு."

அவருக்கும் விஷயம் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டிலை எடுத்து வைத்தார்.

அப்பித் தடவினேன். மறுநாள் காலையில் ஒரு சுவர் வழுக்கிக் கிடந்தது. கனமாகப் போட்டால் உள்ளே காயாது. வழித்துவிட்டு மெல்லிசாகத் தடவி, குண்டூசி குத்தி நிறுத்தினேன். இரண்டு நாள் தொடவில்லை.

கரைந்த சுவரைத் தூக்கிப் போடச் சொன்னார் அண்ணன். போடவில்லை. மறைக்கவும் இல்லை. மாட்டுக்கொட்டில்தானே, ஓட்டை இருந்தால் இருக்கட்டும்.

கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்து குழந்தை சுரூபத்தை உள்ளே வைத்தேன். விடிந்ததும் கதவைத் திறந்து போட்டேன். அன்றைக்குத் தெரு சனம் வீடு வீடாகப் போய்க் குடில் பார்க்கும். எங்கள் வாசல் வந்ததும் தலையைக் குனிந்து தாண்டினார்கள்.

நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்தேன். போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "எங்க தாண்டிப் போறிய? உள்ள குடில் இருக்கு, பாத்துட்டுப் போங்க." முகத்துக்கு நேரே கூப்பிட்டால் எப்படிப் போவார்கள்? முதலில் அண்ணன், பெண்சாதியோடு வந்தார். பிறகு எதிர் வீடு. பிறகு கூட்டம் கூட்டமாக. வந்த தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். மீன் வாடை அடிக்குதே என்றாள் ஒருத்தி. அவரு பெட்டி, அப்படித்தான் அடிக்கும் என்றேன்.

இருட்டுகிற நேரம் மதினி வந்தார். படியேறவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஒட்டிட்டா?"

"ஒட்டிட்டு."

திரும்பிப் போய்விட்டார். வாசலில் நின்று பார்த்தாலும் பார்த்ததுதான். அவரையும் சேர்த்து எண்ணினேன்.

முப்பத்தேழு.