சித்ரகலா விற்ற டாலர்

திருப்பூரில் காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு, டாலர் விலையைப் பார்க்கிறவர்களும் உண்டு. மகுடேஸ்வரன் இரண்டாவது ரகம். அவரிடம் ஒரு டாலர்கூடக் கிடையாது. பத்துப் பதினைந்து தையல் மெஷின் போட்டு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறவர். கூலி ரூபாயில்தான் வரும், டாலர் வருவது கம்பெனிக்கு. ஆனால் டாலர் ஏறினால் கம்பெனிக்காரர் சிரித்துப் பேசுவார். இறங்கினால் பீஸுக்கு இத்தனை பைசா குறைத்துக்கொள்ளுங்கள் என்பார். எனவே டாலர் ஏற வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத விஷயம்.

அவர் மனைவி சித்ரகலாவுக்கும் மறுத்துப் பேசும் குணம் இல்லை. கேள்வி கேட்கும் குணம்தான் உண்டு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மகுடேஸ்வரனைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அவள் மூலனூர்க்காரி. சின்ன வயதில் அப்பாவோடு முருங்கைச் சந்தைக்குப் போய், நேற்றைய விலை இன்றைக்கு ஏன் இல்லை என்று கமிஷன்காரரைக் குடைந்தெடுத்திருக்கிறாள். அவர் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினாராம். இவள் மிட்டாயைத் தின்று முடித்துவிட்டு மறுபடி போய்க் கேட்டாளாம்.

மகன் கவின் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போனதும், கேள்வி கேட்க வீட்டில் ஆள் குறைந்துவிட்டது. அந்த வருடம்தான் ஒரு சின்ன ஓவன் வாங்கினாள். செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பிறை வடிவத்தில் மாவை மடித்து, உள்ளே பழம் வைத்துச் சுடுவதைப் பார்த்தவள், ‘இது நம்ம சோமாஸ்தானே, எண்ணெய்க்குப் பதிலாக ஓவன்’ என்று துணிந்து இறங்கினாள்.

முதல் முறை சப்பாத்திக்குப் பிசைவதுபோல் மாவை அழுத்திப் பிசைந்துவிட்டாள். மகுடேஸ்வரன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “உனக்குப் பல்லு டாக்டரு யாராச்சும் சிநேகிதமா?” என்றார். அடுத்த முறை மாம்பழக் கூழை ஆறவிடாமல் உள்ளே வைத்தாள். வெண்ணெய் உருகி, மாவு தட்டில் துவண்டு படுத்துக்கொண்டது. அதற்கடுத்து எல்லாம் ஒழுங்காக வந்து, ஓவனுக்குள் போனதும் வயிறு வெடித்து, பாகெல்லாம் தட்டில் ஒட்டிக் கருகியது. வேறு யாராக இருந்தாலும் ஓவனைப் பரண்மேல் ஏற்றியிருப்பார்கள். இவளுக்கோ ஏன் வெடித்தது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. கடைசியில் பிடிபட்டது. வெண்ணெய் கல்லுப்போல் குளிர்ந்திருக்க வேண்டும். விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டுமே தவிரப் பிசையக் கூடாது. கூழைக் கெட்டியாகக் கிளறி ஆறவைத்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, முதுகில் கத்தியால் ஒரு கீறல் போட வேண்டும். ஆவி போக வழி இருந்தால் வெடிக்காது.

பக்கத்துத் தெரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஆஷா அதைத் தின்று பார்த்துவிட்டு ஆர்டரே கொடுத்துவிட்டாள். அடுத்த சீசனில் சித்திரை, வைகாசி முழுக்க ஆபீஸ் வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு மாம்பழ சோமாஸ். விலையைப் பங்குனியிலேயே பேசி முடித்தார்கள். மாம்பழம் அப்போது மார்க்கெட்டிலேயே கண்ணில் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குள் கரன்சி டிரேடிங், அதாவது வெளிநாட்டுக் காசை வாங்கி விற்கும் வியாபாரம், வந்தது. அதைக் கொண்டுவந்தவர் மகுடேஸ்வரன். டாலர் எப்போது ஏறும் என்று முன்கூட்டியே சொல்லித் தருவார்கள் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பணத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள், பல மாதம் பொய்ப் பணத்தில் பழகுங்கள், நிஜப் பணத்தை எடுக்காதீர்கள் என்று முதல் நாள் முழுக்க எச்சரிக்கையாகவே பேசினார். இரண்டாம் வகுப்பில் மகுடேஸ்வரன் குறட்டை விட்டார். செல்போன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கம்பங்கூழ் கிளறிக்கொண்டே சித்ரகலா காதில் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஆச்சரியம். எந்த நாட்டுக் காசும் தனியாக ஏறுவதில்லையாம். இன்னொன்றோடு ஜோடி சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். டாலர் ஏறியது என்றால் ரூபாய் இறங்கியது என்று அர்த்தமாம். இத்தனை வருடமாக ஊரே கொண்டாடியது ரூபாய் இறங்கியதையா? இன்னொன்றும் சொன்னார். விலை இறங்கும் என்று தோன்றினால், கையில் இல்லாத டாலரை முதலில் விற்றுவிட்டு, பிறகு மலிவாக வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம்.

“ஏனுங்க, எந்திரிங்க. கையில இல்லாததை எப்புடீங்க விக்கறது?”

“அதையேன் என்னையக் கேக்கற? அந்த வாத்தியாரையக் கேளு” என்று மகுடேஸ்வரன் புரண்டு படுத்தார்.

வாத்தியாரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கரண்டி பாதியில் நின்றது. ஆஷாவுக்கு சோமாஸ் விற்றாயிற்று. மாம்பழம் இன்னும் மரத்தில் தொங்குகிறது. பழம் மலிந்தால் எனக்கு லாபம், விலை ஏறினால் என் பாடு திண்டாட்டம். அட, இதைத்தானே நான் செய்துகொண்டிருக்கிறேன்! அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். கூழ் அடிப்பிடித்ததைக்கூட அன்றைக்கு அவள் பொருட்படுத்தவில்லை.

வாத்தியார் சொன்னபடி, பழகுவதற்கான பொய்ப் பணக் கணக்கு ஒன்றைத் தன் செல்போனில் திறந்தாள். ஊரில் எல்லோரும் டாலர் ஏறும் என்கிறார்கள். இறங்கினால் என்ன ஆகும் என்று பார்த்துவிடலாமே என்று டாலரை விற்றாள். வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

டாலர் இறங்கத் தொடங்கியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. சித்ரகலாவின் திரையில் லாபத்தைக் காட்டும் பச்சை எண்கள் கூடிக்கொண்டே போயின. ஒரு சாயங்காலம் கம்பெனிக்காரரின் போன் வந்தது. இந்த ஆர்டரில் பீஸுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு தையல் யூனிட் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். மகுடேஸ்வரன் பேசி முடித்துவிட்டு, தையல்காரர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். கணக்குப் போடுவதற்காகப் பக்கத்தில் கிடந்த மனைவியின் செல்போனை எடுத்தார். திரையில் அவளுடைய லாபம் பளபளவென்று தெரிந்தது.

“இது என்னது?”

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

“நா இங்க ரேட்டு போச்சுன்னு நிக்கறேன். நீ டாலரு எறங்கோணும்னு வித்துப்போட்டு உக்காந்திருக்கறயா?”

“நெசப் பணம் இல்லீங்க. பழகறதுக்குப் பொய்க் காசுங்க.”

“காசு பொய்யா இருந்துட்டுப் போகுது. எறங்கோணும்னு நெனச்சயா, இல்லையா?”

சித்ரகலா பொய் சொல்லத் தெரியாதவள். பச்சை எண்ணைப் பார்த்து அவள் மனசு துள்ளியது உண்மைதான். அந்த நேரத்தில் புருஷனின் மெஷின்கள் அவள் நினைவில் இல்லை என்பதும் உண்மை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இருந்தாலும் கேட்டாள்:

“மாம்பழம் வெல எறங்கோணும்னு நா நெனைக்கறனுங்களே, அதுக்காகத் தோப்புக்காரரு நாசமாப் போகோணும்னு அர்த்தங்களா?”

“தோப்புக்காரரு உன்ர ஊட்டுலயா சோறு உங்கறாரு?” என்று கேட்டுவிட்டு மகுடேஸ்வரன் யூனிட்டுக்குக் கிளம்பினார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் சாப்பிட்டார், பேசினார். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகவே பதில் சொன்னார். ஆனால் கேலி நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேலியில் அடிபட்டுக்கொண்டே இருந்தவளுக்கு அந்த மரியாதை தாங்கவில்லை. ஒரு மதியம் அழுதேவிட்டாள். விற்ற டாலரைத் திரும்ப வாங்கிக் கணக்கை மூடிவிடலாமா என்று விரல் வரைக்கும் வந்தது. மூடவில்லை. மூடினால் தப்புச் செய்தேன் என்றாகிவிடும். தவிரவும், இனி என்ன ஆகும் என்று பார்க்காமல் விடவும் மனசு கேட்கவில்லை. அவள் ஜாதகம் அப்படி.

வைகாசி பாதியில் டாலர் திரும்பியது. ஏறியது சாதாரணமாக அல்ல, விறுவிறுவென்று. பச்சையெல்லாம் கரைந்து, நஷ்டம் காட்டும் சிவப்பாகி, சிவப்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? டாலர் ஏறிய சந்தோஷத்தில் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆஷாவின் ஆர்டருக்கு மாவை மடித்துக்கொண்டிருந்தபோது மகுடேஸ்வரன் வேகவேகமாக உள்ளே வந்தார். செருப்பைக்கூட வாசலில் கழற்றவில்லை.

“சித்ரா, கம்பெனியில இருந்து கூப்பிட்டாங்க. ரேட்டு பழையபடியே போட்டுத்தர்றாங்களாமா. மேல ஒரு ஆர்டரும் இருக்குதாமா!”

“ரொம்பச் சந்தோசமுங்க” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். குரல் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது.

அவர் தையல்காரர்களிடம் சொல்லக் கிளம்பினார். சமையலறை வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப உனக்கு எத்தன போச்சு?”

கேலியா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை. தையல்காரர் யாருக்காவது விரலில் ஊசி ஏறிவிட்டால் பதறுவாரே, அந்த முகம்.

“பொய்க் காசுதானுங்க. அதைய விடுங்க.”

“அட, போனது போனதுதான? எத்தனைன்னு சொல்லு.”

மாவுக் கையோடு அவள் தொகையைச் சொன்னாள்.

“அடக் கடவுளே! அத்தனையா?” என்று மகுடேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.