குரலுக்கு வரைந்த முகம்

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டிய காலம். காத்திருப்பவர்களின் கோபமெல்லாம் நேரே எங்கள் காதில்தான் வந்து இறங்கும். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும், வலியசாலையில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் மண்டைக்குள் யாராவது 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டே வருவார்கள். தூக்கம் கிடையாது. எனக்கோ வாய் ஜாஸ்தி. ஒருவர் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

என் வாய்க்கென்றே வந்து வாய்த்தார் ஒருவர். சாலை என்ற பெரிய கடைவீதியில் காய்கறி மண்டி வைத்திருந்த நாகர்கோவில்காரர். லாரி கிளம்பிவிட்டதா என்று கேட்கத் தினமும் காலையில் ஊருக்குக் கால் போடுவார். காலை ஷிப்டில் எப்படியோ அவர் குரல் என்னிடம்தான் வந்து மாட்டும்.

"சவத்தெளவு! லைன் கிட்டுமா கிட்டாதா? வெண்டைக்கா முத்திப் போச்சுன்னா உங்க ஆபீஸா வாங்கும்?"

"உங்க நாகர்கோவிலை நானா முந்தானையிலே முடிஞ்சு வெச்சிருக்கேன்? வந்தா தரமாட்டேனா?"

இதை அவர் எழுதிப் புகார் கொடுத்துவிட்டார். எனக்கு மெமோ வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். அப்பா போன பிறகு அம்மாவும் நானும் என் சம்பளத்தில்தான் இருந்தோம். சூப்பர்வைசர் மலையாளி, சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். என்னிடம் இரண்டு பாஷையையும் கலந்து கட்டிப் பேசுவார். "மோளே, இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்தால் ஜோலி போகும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்யான் பற்றில்லா, கேட்டோ" என்றார்.

மறுநாளும் அதே குரல், அதே 'சவத்தெளவு' வசவு. நாக்கு நுனியில் பதில் துடித்தது. கையில் கால் விவரம் எழுதும் பென்சில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் வாய் ஒன்றை வரைந்தேன். நல்ல அகலமான வாய். அதன்மேல் ஒரு முறுக்கு மீசை. மீசை இடப்பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. அதை நிமிர்த்திக்கொண்டிருந்ததில் அவர் என்ன திட்டினார் என்றே கவனிக்கவில்லை. முடித்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ, லைன் வந்ததும் தரேன்" என்றேன். அடடா, இது என் குரல்தானா! அவரும், "செரிம்மா" என்று அடங்கிவிட்டார்.

ருசி கண்டுவிட்டேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவான வாட்டர் கலர் பெட்டி ஒன்று வாங்கினேன். சாயங்காலம் காபியைக் குடித்துவிட்டு, அன்று பேசியவர்களில் யாராவது ஒருவருக்கு முகம் போட உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் படம் போடத் தெரியாது. காது ஒரு பக்கம் போகும், கண் ஒரு பக்கம் போகும். போனால் என்ன? பிரஷ்ஷை அலசிக்கொண்டு, இந்தக் கன்னத்துக்கு என்ன நிறம் என்று யோசிக்கிற நேரத்தில் மண்டைக்குள் ஒரு ஹலோவும் இருக்காது. அப்பாடா என்று இருக்கும். படுத்தால் விடிந்துதான் கண் விழிப்பேன். தலைவலித் தைலம் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது. காய்வதற்காகக் கொடியில் மாட்டியிருந்த தாள்களில் மீசைக்காரர் மட்டும் ஏழெட்டு இடத்தில் இருந்தார்.

"ஏண்டி, ஒருத்தனையே இத்தனை தடவை வரைஞ்சிருக்கே. மறைக்காம சொல்லு, யார் இவன்? நம்மவாதானா?"

"காய்கறி மண்டிக்காரர்மா."

"ஐயையோ! மண்டிக்காரனா!"

நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணியும் அம்மா நம்பவில்லை. கடைசியில், "யாரா வேணா இருக்கட்டும். நீ வள்ளுவள்ளுன்னு விழாம இருக்கியே, அது போதும்" என்று கவிழ்ந்த தண்ணீரைத் துடைத்தாள்.

என்னை நிரந்தரம் செய்யச் சொல்லிச் சேச்சி எழுதி அனுப்ப வேண்டிய வாரம் வந்தது. அப்போது ஒரு நாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு பை நிறைய முருங்கைக்காய்.

"இவர் சாலையில காய்கறி மண்டி. உன்னைக் காணணும்னு வந்திருக்கார்" என்றார் சேச்சி.

போச்சு, வேலை போச்சு, அம்மாவிடம் என்ன சொல்வேன்? ஒல்லியான மனிதர், மீசையே இல்லை. சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றேன்.

அவர் எழுந்து கும்பிட்டார். "இந்தப் புள்ளதானா? நல்லா இருக்கணும்மா நீ. நீ வந்த பொறவுதான் காலம்பற எனக்கு மனசமாதானம். என்னா தன்மையாப் பேசுதே!" சேச்சியின் பக்கம் திரும்பினார். "முன்னால ஒருத்தி இருந்தா பாருங்கோ, யம்மா! வாயா அது! நான் எழுதிக் குடுத்த ஒடனே அவள மாத்திட்டு இந்தப் புள்ளயப் போட்டியளே, நல்ல காரியம்."

சேச்சி என்னைப் பார்த்தார். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமா, அவளை மாத்தியாச்சு" என்றார்.

கிளம்பியவர் வாசலில் தயங்கி நின்று என்னைக் கேட்டார். "ஒனக்குத் தெரியுமாம்மா? நான் எழுதிக் குடுத்ததுல அந்தப் புள்ளைக்கு வேல போயிரலியே? கோவத்துல குடுத்திட்டேன். எனக்கும் பொம்பளப் புள்ளைய இருக்கு. அது எங்கயாவது நல்லா இருக்கில்லா?"



"நல்லாத்தான் இருக்கா" என்றேன்.