செருப்புக் கழற்ற ஒரு குஷன் பெஞ்சு

புது ரெக்ஸினுக்கென்று ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயில் பிளாஸ்டிக் பொம்மையை முக்கி எடுத்தாற்போல மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தாம்பரத்தில் ஆட்டோவுக்கு சீட்டு தைக்கும் கடைகளைத் தாண்டும்போது இன்றைக்கும் அந்த வாசனை வரும், கூடவே எனக்குக் கோபமும் வரும்.

எண்பதுகளின் கடைசியில் சேலையூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு கம்பெனியில் அட்டெண்டர். ஒருநாள் மேனேஜர் வீட்டுக்கு ஏதோ கொடுத்துவரப் போனவர், அங்கே வாசற்கதவுக்கு உள்பக்கம் மெத்தை வைத்த பெஞ்சு ஒன்று போட்டிருப்பதையும், வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து ஷூ கழற்றுவதையும் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்தது பைத்தியம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ரப்பர் செருப்பைப் படியிலேயே உதறிவிட்டு வருகிறவர்கள்; உதறுவதற்கு உட்கார வேண்டுமா என்ன? ஆனால் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "உள்ள வர்றவன் மொதல்ல வாசநடையத்தான் பாப்பான். அங்கயே நம்மள எட போட்டுடுவான்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நல்ல மரம் என்று இருந்தது அம்மாவின் கட்டில் மட்டும்தான். அவளுடைய அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், தலைமாட்டில் ஒரு ஜோடி கிளி செதுக்கியது. அந்த வருடம்தான் அம்மா அடிபம்பு மேடையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தாள். "தரையில படுக்கவே கூடாதும்மா, கட்டில்லதான் படுக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டவர்தான். அந்தக் கட்டிலைத்தான் நடுவாசலில் போட்டு அறுக்கச் சொன்னார்.

அறுத்தவர் சித்தப்பா. தச்சு வேலை கொஞ்சம் தெரிந்தவர், அண்ணன் பேச்சைத் தட்டாதவர். "அப்புறமா வேற கட்டிலு போட்டுக்கலாம் அண்ணி" என்றார், ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"அப்புறம்னா எப்ப தம்பி? என்னைத் தூக்கினு போற அன்னிக்கா?" என்றாள் அம்மா.

தலைமாட்டுப் பலகை கிளிகளோடு பெஞ்சுக்கு முதுகானது. கால்மாட்டுப் பலகையை இரண்டாக அறுத்துக் கைப்பிடி வைத்தார்கள். நீளச் சட்டங்களைக் குறுக்கி, பலகை அடித்து, தேங்காய் நாரும் ஸ்பாஞ்சும் பரப்பி, ஆட்டோ சீட்டு தைக்கிறவரைக் கூட்டிவந்து சிவப்பு ரெக்ஸின் போர்த்தினார்கள். ஓரத்தில் வெள்ளைப் பட்டி. அறுத்துக் கழித்த துண்டு மரம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. அப்பா குளிக்க அம்மாதான் அதை எரித்து வெந்நீர் போட்டாள்.

பெஞ்சின் மேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கிடக்கும். விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்க வேண்டும். நாங்கள் உட்காரக் கூடாது, அம்மா உட்காரவே கூடாது. "கதவு தொறந்தா தெருவே பாக்குது. பொம்பள அங்க கால நீட்டிக்கினு குந்துவாளா?" என்று கேட்டார் அப்பா. அதற்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள் அம்மா. விடிந்ததும் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சின் கைப்பிடியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுவாள். "ரெக்ஸின்ல கை படாம புடி, அழுக்காவும்" என்று அப்பா படுத்தபடியே சொல்வார்.

பல்லாவரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஷீட்டை உருவி எடுத்தார் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா நல்ல பருமன். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் மெத்தையை அமுக்கிப் பார்த்து, "அட, ஆட்டோல இருந்து இன்னும் எறங்காத மாதிரியே கீது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்து, "எடம் கீதே, நீங்களும் வந்து குந்துங்க அக்கா" என்று நகர்ந்துகொண்டார்.

"அவளுக்குக் கீழதாங்க பழக்கம்" என்றார் அப்பா.

"பழக்கம்லாம் இல்லீங்க" என்றாள் அம்மா. "நீங்க குந்தினு கீறது நான் படுத்துக்கினு இருந்த கட்டிலுங்க. என்னை எழுப்பி வுட்டுட்டு உங்களக் குந்த வெச்சிருக்காரு."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். "நல்லா தமாஷா பேசறீங்க அக்கா" என்றார் அந்த அம்மாள். அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நாலு பேர் முன்னால் ஒருத்தி தன் வலியை வாய்விட்டுச் சொல்கிறாள். அதையும் தமாஷாக்கிக் காப்பியோடு குடித்துவிட்டார்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு டம்ளர் எடுக்க உள்ளே போனாள்.

கல்யாணம் முடிவானது. சீர் வரிசையில் கட்டில் கேட்டார்கள். கேட்டது வேறு வீட்டார் அல்லவா, உடனே வந்துவிட்டது: புது இரும்புக் கட்டில், மெத்தையோடு. கல்யாணம் வரை அது வீட்டில்தான் கிடந்தது. "நாலு நாளு நான் அதுல படுத்துக்கறேனே" என்று அம்மா கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். "புதுப்பொண்ணுக்கு வாங்கினதுல நீ படுப்பியா? சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்க" என்றார் அப்பா. இது எங்கள் பக்கத்து வழக்கம்தான்; சீர்க் கட்டிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கும்முன் வேறு யாரும் படுக்கக் கூடாது. அந்த வழக்கத்தில் அடிபட்ட இடுப்புக்கு இடமில்லை. கவர் பிரிக்காத மெத்தைக்குக் கீழே, தரையில் படுத்தாள் அம்மா.

அக்கா போன பிறகு குடம் தூக்க ஆளில்லை. அஞ்சாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். சித்தப்பா சொன்ன அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

நான் இப்போது வீடு வீடாகப் போய் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறேன். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. போன மாதம் நாவலூரில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மெத்தை வைத்த பெஞ்சு. அதன் முதுகைப் பார்த்ததுமே அது ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகை என்று தெரிந்துவிட்டது.

"பழைய கட்டில் அண்ணா. தூக்கிப் போட மனசு வரல, பெஞ்சா மாத்திட்டோம். சூப்பரா இருக்குல்ல?" என்றது அந்த வீட்டுப் பெண்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "யாரு படுத்திருந்த கட்டில்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க மாமியாரோடது. அவங்களுக்கு முதுகு வலி. தலைப்பக்கம் ஏத்தி எறக்கற மாதிரி வேற கட்டில் வாங்கிக் குடுத்துட்டுதான் இதுல கை வெச்சோம்."

முதலில் கட்டில், பிறகு பெஞ்சு. இது ஒரு பெரிய வித்தையா? அதற்குப் படிப்பு வேண்டுமா, நாவலூரில் ஃபிளாட் வேண்டுமா? ஆணி அடித்த ஒவ்வொரு அடியிலும் என் அப்பாவின் மேல் எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சேலையூர் வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பெஞ்சை வீடு இடிக்க வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பிறகு அம்மா கட்டிலில் படுத்தது கடைசியாக சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான். கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இத எப்பப்பா திருப்பிக் கேப்பாங்க?"